ஏழரை மா நிலமும் ஏழையின் வீடும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது பழமொழி.

எலிக்கு வளை தோண்ட மண் கிடைக்கிறது. மனிதனுக்கு? மண்தான் கிடைப்பதில்லை!

காரைக்காலில் ஓர் ஏழைக் குடும்பம் வீடு கட்ட நினைத்தால், முதலில் எழும் கேள்வி "செங்கல் என்ன விலை?" என்பது அல்ல. "மனை எங்கே?" என்பதுதான்.

செங்கல் வாங்க அரசாங்கம் பணம் கொடுக்கிறது. சிமெண்டு வாங்கக் கடன் கிடைக்கிறது. ஆனால் அந்தச் செங்கலை அடுக்குவதற்கு ஒரு துண்டு நிலம் வேண்டுமே! அது எங்கிருந்து வரும்?

பெரிய அளவில் நிலத்தை வாங்கி மனை போட்டு விற்கிறவர்கள், அதில் ஒரு பங்கை ஏழைகளுக்காக ஒதுக்க வேண்டும். இப்படி ஒரு விதி உலகத்தில் பல இடங்களில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் பெரிய நகரத்துக்குத் தைத்த சட்டையை அப்படியே எடுத்துச் சின்ன ஊருக்கு மாட்டினால் பொருந்தாது. காரைக்காலின் அளவுக்கு அதை வெட்டித் தைக்க வேண்டும்.

ஏன் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு பக்கம் கடல். மூன்று பக்கம் எல்லை

காரைக்காலுக்குக் கிழக்கே வங்கக் கடல். மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நடுவே அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு என்று ஆறுகள் ஓடுகின்றன. மாநிலத்தின் தலைநகரான புதுச்சேரியோ, 130 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் 1739-ம் ஆண்டில் இங்கே கால் ஊன்றினார்கள். 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் இணைப்பு முடிந்தது. ஆட்சி மாறியது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட எல்லைக்கோடு மாறவில்லை.

மாவட்டம் முழுவதும் சேர்ந்தாலும் ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர்தான். 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 2,00,222. காரைக்கால் நகராட்சியில் மட்டும் 86,838 பேர்.

சென்னை பெருத்தால் பக்கத்து மாவட்டத்துக்குள் கால் நீட்டும். காரைக்கால் பெருத்தால் எங்கே நீட்டும்? நாலு மைல் போனால் வேறு மாநிலம்!

"நிலம் இங்கே விலை அதிகம். எல்லை தாண்டி நாகூர்ப் பக்கம், தரங்கம்பாடிப் பக்கம் போய்விடலாமே" என்று சொல்லலாம். போகலாம். ஆனால் ரேஷன் அட்டை மாறிவிடும். ஓட்டு மாறிவிடும். புதுச்சேரி மாநிலத்தவருக்கு உரிய சலுகைகள் போய்விடும். பிள்ளையின் படிப்புக்குக் கிடைக்கிற இடஒதுக்கீடும் கேள்வியாகிவிடும்.

பணக்காரன் எல்லை தாண்டினால் வீடு மாறுகிறான். ஏழை எல்லை தாண்டினால் அவன் வாழ்க்கையே மாறிப் போகிறது.

ஆகவே, காரைக்காலுக்குள் இருக்கிற நிலம்தான் காரைக்கால் மக்களுக்கு நிலம். அது வளராது. ரப்பர் போல் இழுக்க முடியாது. அதைப் பங்கு போடுவதில்தான் நியாயம் வேண்டும்.

நெல் விளைந்த இடத்தில் கல் முளைக்கிறது

காவிரி ஓடி வந்து கடைசியில் கடலில் கலக்கிற இடம் இது. கடைமடை. மேலே இருக்கிறவர்கள் குடித்து மிஞ்சிய தண்ணீர்தான் இங்கே வரும். சில வருஷம் வரும். சில வருஷம் வராது. வந்தாலும், நாற்று விடும் நேரத்தில் வராமல் அறுப்பு நேரத்தில் வெள்ளமாக வரும்.

விவசாயி எத்தனை வருஷம்தான் வானத்தைப் பார்ப்பான்? நிலத்தை விற்கிறான்.

நேற்று நாற்று நட்ட வயலில் இன்று கல் நடுகிறார்கள். மண் கொட்டிப் பள்ளத்தை மேடாக்குகிறார்கள். வாசலில் ஒரு வளைவு. அதற்குமேல் ஒரு நகரின் பெயர். வண்ண வண்ணமாகக் கொடிகள்!

வாங்குகிறவர்கள் யார்? மாதச் சம்பளக்காரர்கள், வியாபாரிகள், சிங்கப்பூரிலும் வளைகுடா நாட்டிலும் உழைத்துப் பணம் அனுப்புகிறவர்கள், பிரான்சில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள். அவர்கள் வீடு கட்டுவது தவறு அல்ல. வீடு கட்ட ஆசைப்படாத மனிதன் உண்டா?

ஊரும் வளர்ந்திருக்கிறது. 2009-ம் ஆண்டில் வாஞ்சூர் அருகே துறைமுகம் திறந்தது. 2010-ல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் வந்தது. 2016-ல் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை வந்தது. திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சி என்றால் லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. இவை எல்லாம் ஊருக்குப் பெருமை. ஆனால் ஒவ்வொரு பெருமையும் மனையின் விலையை ஒரு படி ஏற்றி விடுகிறது.

வயலை விற்றவருக்குப் பணம் வந்தது. மனை போட்டு விற்றவருக்கு லாபம் வந்தது. வாங்கியவருக்கு வீடு வந்தது.

அந்த வயலில் நாற்று நட்டவளுக்கு என்ன வந்தது?

கூலி போயிற்று. வரப்பு ஓரத்துக் குடிசையும் ஆட்டம் காண்கிறது. புதிய நகரில் சித்தாள் வேலைக்குப் போகிறாள். பிறகு அதே வீட்டில் பாத்திரம் துலக்கப் போகிறாள். ஆனால் அந்த நகரில் அவள் குடியிருக்க ஒரு மூலைகூட இல்லை!

சுவருக்குப் பணம் உண்டு, மண்ணுக்கு இல்லை

"ஏழைகளுக்கு வீடு கட்ட அரசாங்கம் உதவவில்லையா?" என்று கேட்கலாம். உதவுகிறது. மறுப்பதற்கில்லை.

புதுச்சேரி மாநிலத்தில் பெருந்தலைவர் காமராஜர் பெயரால் கல்வீடு கட்டும் திட்டம் உண்டு. குடிசையில் இருப்பவர் கல்வீடு கட்டிக்கொள்ள மானியம் கிடைக்கும். மத்திய அரசாங்கம் 2015-ம் ஆண்டு ஜூன் மாதம் பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நகரத்துக் குடும்பம் தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டால், மத்திய அரசின் பங்காக ஒன்றரை லட்சம் ரூபாய் என்று அதில் வகுக்கப்பட்டது. வீடு குடும்பத் தலைவியின் பெயரில் இருக்க வேண்டும், அல்லது அவள் பெயரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மிக நல்ல நிபந்தனை!

ஆனால் இந்த உதவிகளுக்கெல்லாம் அடியில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. சொந்தமாக மனை இருக்க வேண்டும்!

மனை இருந்தால் மானியம். மனை இல்லாவிட்டால்? விண்ணப்பத் தாளைத் திரும்ப மடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இலை போட்டு, சோறு வடித்து, குழம்பும் வைத்தாயிற்று. உட்காரத்தான் இடம் இல்லை. அந்த விருந்தால் யாருக்குப் பசி தீரும்?

அரசாங்கமே நிலம் வாங்கி இலவச மனைப்பட்டா தரலாம். தந்தும் இருக்கிறது. ஆனால் அரசாங்கமும் அதே சந்தையில்தான் நிலம் வாங்க வேண்டும். விலை ஏற ஏற, அரசாங்கம் வாங்கும் நிலம் குறையும். வாங்குகிற நிலமும் ஊருக்கு வெளியே, கடைசிக் கோடியில் இருக்கும்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அந்த விதி தேவைப்படுகிறது.

அது என்ன விதி?

டெல்டாவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல்லை அளப்பார்கள். நெல் மிராசுதாரின் வீட்டுக்குப் போவதற்கு முன்பே, ஊர்த் தொழிலாளிகளுக்கு உரிய பங்கு களத்திலேயே அளந்து கொடுக்கப்படும். அது பிச்சை அல்ல; பங்கு.

அந்தக் களத்துமேட்டு நியாயத்தை நிலத்துக்கும் கொண்டு வருவதுதான் இந்த விதி.

ஒருவர் பெரிய நிலத்தை மனைகளாகப் பிரிக்க அனுமதி கேட்கிறார். "சரி, அனுமதி தருகிறோம். சாலைக்கு நிலம் விடுங்கள். பூங்காவுக்கு நிலம் விடுங்கள். அதோடு, சின்ன வருமானக்காரர்களுக்காகச் சின்ன மனைகளும் ஒரு பங்கு போடுங்கள்" என்று அரசாங்கம் சொல்கிறது. அவ்வளவுதான்.

மலேசியாவில் இதை 1982-ம் ஆண்டிலேயே கொண்டு வந்தார்கள். கட்டுகிற வீடுகளில் நூற்றுக்கு 30 வீடுகள் மலிவு வீடுகளாக இருக்க வேண்டும். ஒரு வீட்டின் விலை 25,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது என்று விதித்தார்கள்.

காரைக்காலை ஆண்ட பிரான்சு தேசமும் பின்னால் வந்தது. 2000-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்கே ஒரு சட்டம் பிறந்தது. பெரிய நகரங்களைச் சேர்ந்த ஊர்களில், 3,500 பேருக்குமேல் வசிக்கும் ஒவ்வோர் ஊரிலும், நூற்றுக்கு 20 வீடுகள் குறைந்த வாடகை வீடுகளாக இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2013-ம் ஆண்டில் அது பல ஊர்களுக்கு 25 ஆக உயர்த்தப்பட்டது. குறைவாக வைத்திருக்கும் ஊர், ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்.

கவனியுங்கள். 3,500 பேர்! பிரான்சு தேசத்தில் ஒரு சின்ன ஊர்கூடத் தப்பிவிடக் கூடாது என்று கோட்டைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் 2007-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் ஒரு வீட்டு வசதிக் கொள்கையை வெளியிட்டது. புதிய குடியிருப்புத் திட்டம் ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 சதவீத நிலம், அல்லது கட்டட பரப்பில் 20 முதல் 25 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்று அது சொன்னது. அது கொள்கை. சட்டமாக்க வேண்டியது மாநிலங்களின் பொறுப்பு.

2008-ம் ஆண்டில் சென்னைக்கு இரண்டாவது முழுமைத் திட்டம் வந்தது. அதில் விதி தெளிவாக எழுதப்பட்டது. பெரிய மனைப் பிரிவுகளில், சாலை போக மிஞ்சிய நிலத்தில் பத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்கு உரிய சின்ன மனைகளாகப் போட வேண்டும். அந்த மனைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பெரிய மனை ஆக்கக் கூடாது. வேறு காரியத்துக்கும் மாற்றக் கூடாது.

எல்லாம் சரி. ஆனால் "பெரிய மனைப் பிரிவு" என்றால் எவ்வளவு பெரியது? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

ஏழரை மா ஓட்டை

10,000 சதுர மீட்டர். இதுதான் சென்னை விதியில் போட்ட கோடு. அதற்குக் குறைந்த நிலத்துக்கு இந்தப் பங்கு கிடையாது.

10,000 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். தஞ்சை விவசாயியின் கணக்கில் சொன்னால், மூன்று மா ஓர் ஏக்கர். ஆகவே ஏழரை மா!

சென்னைக்கு அது சின்ன அளவு. காரைக்காலுக்கு அது பெரிய நிலம். கடைமடை வயல்கள் அப்பன் சொத்து, பாட்டன் சொத்து என்று பாகம் பிரிந்து பிரிந்து, இரண்டு மா, மூன்று மா என்று கிடக்கின்றன. சின்ன ஊரில் மனைப் பிரிவும் சின்னதாகத்தான் வரும்.

இந்தக் கோட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து போட்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒருவரிடம் ஆறு ஏக்கர் இருக்கிறது. ஒரே மனைப் பிரிவாகப் போடுகிறார். சாலைக்கு நாலில் ஒரு பங்கு போகட்டும். மிச்சம் ஏறக்குறைய 18,200 சதுர மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு 1,820 சதுர மீட்டர். ஒரு சின்ன மனை 45 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 மனைகள். நாற்பது குடும்பங்களுக்கு மண்!

இப்போது அதே ஆறு ஏக்கரை மூன்று துண்டாக்குகிறார். இந்த வருஷம் இரண்டு ஏக்கர். அடுத்த வருஷம் இரண்டு ஏக்கர். அதற்கு அடுத்த வருஷம் மைத்துனர் பெயரில் இரண்டு ஏக்கர். ஒவ்வொன்றும் கோட்டுக்குக் கீழே! சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. ஆனால் நாற்பது மனை எங்கே? ஒன்றுகூட இல்லை!

நிலம் அதே நிலம். லாபம் அதே லாபம். நாற்பது குடும்பங்கள் மட்டும் காணாமற் போய்விட்டன.

திருநள்ளாற்றுப் பக்கத்தில் "ஏழரை" என்றால் எல்லோருக்கும் சனி பகவான்தான் நினைவுக்கு வருவார். ஏழரை ஆண்டு பிடித்த சனியாவது ஒரு நாள் விலகும். விதியில் உட்கார்ந்துவிட்ட ஏழரை மா தானாக விலகாது. எழுதுகிறவர்கள் விலக்கினால்தான் விலகும்.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். மகாராஷ்டிரத்தில் 2013-ம் ஆண்டு வந்த விதி, 4,000 சதுர மீட்டரில் இருந்தே ஏழைகளுக்குப் பங்கு கேட்டது. ஓர் ஏக்கர்தான்! பாராட்ட வேண்டியது. ஆனால் பத்து லட்சம் பேருக்குமேல் உள்ள மாநகராட்சிகளுக்குத்தான் அது என்று வைத்தார்கள். பிரதம மந்திரி திட்டத்தில் தனியாரோடு கூட்டுச் சேர்ந்து கட்டும் பிரிவு ஒன்று உண்டு. 2015-ம் ஆண்டு விதிப்படி அதற்குக் குறைந்தது 250 வீடுகளாவது இருக்க வேண்டும். காரைக்காலில் ஒரே இடத்தில் 250 வீடு கட்ட எத்தனை பேர் முன்வருவார்கள்?

பெரிய நகரத்து ஏழைக்குப் பசி. சின்ன ஊர் ஏழைக்குப் பசி இல்லை என்று யாராவது சொல்வார்களா? வீட்டு விஷயத்தில் மட்டும் ஏன் அப்படி?

தூரத்து வீடு துயர வீடு

"நிலம் கொடுக்க வேண்டியதுதானே? ஊருக்கு வெளியே எங்காவது கொடுத்து விடலாம். அல்லது அதற்கு உரிய பணத்தை அரசாங்கத்திடம் கட்டிவிடலாம்" என்று ஒரு யோசனை சொல்லப்படுவது உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறை என்ன?

சென்னையில் கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் குடிசையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டு போனார்கள். கூரை கிடைத்தது. ஆனால் பிழைப்பு 20 கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தவர்களும் உண்டு.

மலேசியாவிலும் மலிவு வீடுகள் சில, வாங்க ஆளில்லாமல் கிடந்தன. வீடு தேவைப்படாமலா? இல்லை. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று இருந்ததால்தான்!

பணம் கட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்றால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சு தேசமே சாட்சி. பாரிஸ் நகரை ஒட்டி நெய்லி என்று பணக்காரர்கள் வசிக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. சட்டம் வந்து இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்த ஊர் உரிய அளவை எட்டவில்லை. பணத்தைக் கட்டியது, ஏழையைச் சேர்க்கவில்லை.

காரைக்கால் மக்களுக்கு இந்தத் தூரத்தின் துயரம் தெரியாதது அல்ல. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி காலை கடல் பொங்கி வந்தது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று கரையோர ஊர்கள் கதறின. அதன் பிறகு அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் கடலுக்குச் சற்று உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் மீனவனுக்கு வீட்டுக்கும் படகுக்கும் நடுவே ஒவ்வோர் அடியும் கணக்கு. நடுநிசியில் காற்றைப் பார்த்துப் புறப்படுகிற தொழில் அது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அன்று ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். அன்று தாயின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு இன்று கல்யாண வயது! ஒரே வீட்டில் இரண்டு குடும்பம், மூன்று குடும்பம். மாமியார் ஒரு மூலை, மருமகள் ஒரு மூலை, நடுவே ஒரு சேலைத் திரை. அடுத்த தலைமுறைக்கு மனை எங்கே?

"எங்களுக்கு நஷ்டம்!"

மனை போடுகிறவர்கள் சொல்லும் மறுப்புகளையும் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

"பத்தில் ஒரு பங்கை மலிவாகக் கொடுத்தால், அந்த நஷ்டத்தை மற்ற ஒன்பது பங்கின் தலையில்தானே வைக்க வேண்டும்? நடுத்தர வகுப்பாருக்கு விலை ஏறிவிடாதா?" என்கிறார்கள்.

நியாயமான கேள்வி. அளவுக்கு மீறிப் பங்கு கேட்டால் அப்படித்தான் ஆகும். மனை போடுவதே நின்றாலும் நிற்கும். ஆகவேதான் பங்கு சிறியதாக, பத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு ஈடாகக் கட்டணத்தில் சலுகை கொடுக்கலாம். கட்டடமாக இருந்தால் கூடுதலாகக் கட்டிக்கொள்ள அனுமதிக்கலாம். தவிர, விதி முன்கூட்டியே தெரிந்துவிட்டால், நிலம் வாங்கும்போதே அந்தக் கணக்கைப் போட்டுத்தான் விலை பேசுவார்கள்.

இன்னொரு விஷயம். வயலாக இருந்த நிலம் மனை ஆனவுடன் விலை பல மடங்கு ஏறுகிறதே, அது யாரால்? மனை போட்டவர் சாலை போட்டார், கல் நட்டார், அதற்கு அவருக்கு லாபம் உண்டு. ஆனால் பக்கத்தில் ஆஸ்பத்திரி கட்டியது யார்? ரெயில் விட்டது யார்? வயலை மனையாக்கலாம் என்று கையெழுத்துப் போட்டது யார்? எல்லாம் மக்களின் அரசாங்கம். மக்கள் ஏற்றிவிட்ட விலையில் மக்கள் ஒரு சின்னப் பங்கு கேட்பது அநியாயமா?

"சின்ன மனைக்காரர்கள் பக்கத்தில் வந்தால், பெரிய மனையை யாரும் வாங்க மாட்டார்கள்" என்பது அடுத்த மறுப்பு.

இதைச் சொல்கிறவர்கள் வீட்டில் சமையல் செய்வது யார்? குழந்தையைத் தூக்கி வளர்ப்பது யார்? வாசலில் மீன் கொண்டு வந்து கொடுப்பது யார்? அடுப்படி வரைக்கும் வரலாம்; அடுத்த தெருவில் குடியிருக்கக் கூடாதா?

மேலத் தெரு, கீழத் தெரு, ஊர், சேரி என்று பிரித்து வைத்த பழைய காலத்துப் பாவம் இன்னும் முழுவதும் கழுவப்படவில்லை. புதிய நகரையும் அதே கோட்டில் அமைக்க வேண்டுமா?

"ஏழைக்கு வீடு கொடுப்பது அரசாங்கத்தின் வேலை, எங்கள் வேலை அல்ல" என்பது கடைசி மறுப்பு.

உண்மைதான். அரசாங்கத்தின் வேலைதான். விதி செய்வதும் அரசாங்கத்தின் வேலைதானே! சாலைக்கு நிலம் விடச் சொல்கிறது, விடுகிறார்கள். பூங்காவுக்கு விடச் சொல்கிறது; விடுகிறார்கள். பூச்செடிக்கு இடம் உண்டு, மனிதனுக்கு இல்லை என்றால் எப்படி?

என்ன செய்ய வேண்டும்?

புதுச்சேரிக்கு நகர ஊரமைப்புச் சட்டம் 1969-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2012-ம் ஆண்டில் கட்டட விதிகளும் மண்டல விதிகளும் வகுக்கப்பட்டன. காரைக்காலுக்கு என்று தனித் திட்டக் குழுமம் இருக்கிறது. ஆகவே புதிதாக ஆலமரம் நட வேண்டியது இல்லை. காரைக்காலின் திட்டத்தில் ஐந்து விஷயங்களைத் தெளிவாக எழுதினால் போதும்.

ஒன்று: கோடு ஏழரை மாவில் இருக்கக் கூடாது. மூன்று மாவில், அதாவது ஓர் ஏக்கரில் இருக்க வேண்டும். ஓர் ஏக்கர் மனைப் பிரிவில் ஆறு சின்ன மனைகள் கிடைக்கும். ஆறுதானே என்று எண்ண வேண்டாம். அந்த ஆறு குடும்பத்துக்கு அது ஆயுள் கனவு!

இரண்டு: துண்டு போட்டுத் தப்ப விடக் கூடாது. ஒருவரோ, அவரைச் சேர்ந்தவர்களோ பக்கத்துப் பக்கத்து நிலங்களை ஐந்து ஆண்டுக்குள் மனைகளாகப் பிரித்தால், எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மூன்று: சின்ன மனைகள் அதே மனைப் பிரிவுக்குள் இருக்க வேண்டும். பணமாகக் கட்டித் தப்பக் கூடாது. அதுவும், மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளத்து மூலையாக இருக்கக் கூடாது. கடைமடை ஊரில் மேடு எது, பள்ளம் எது என்பது ஐப்பசி மாதத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரிய மனைக்கு எந்த மேடோ, சின்ன மனைக்கும் அந்த மேடு வேண்டும்.

நான்கு: யாருக்கு மனை என்பதை மனை போடுகிறவர் தீர்மானிக்கக் கூடாது. இல்லாவிட்டால் அவருடைய கணக்கப்பிள்ளையும், காரோட்டியின் மச்சானும்தான் "ஏழை" ஆவார்கள். நகராட்சியோ கொம்யூன் பஞ்சாயத்தோ பட்டியல் தயாரிக்க வேண்டும். பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆட்கள் அதிகமானால், எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் நடத்த வேண்டும்.

ஐந்து: பத்திரம் வீட்டுத் தலைவியின் பெயரில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. இரண்டு மனையை ஒன்றாகச் சேர்க்கவும் கூடாது. கையில் பத்திரம் வந்துவிட்டால், காமராஜர் பெயரில் உள்ள மானியத்தையும் பிரதம மந்திரி திட்டத்தின் பணத்தையும் தேடி அவள் நடக்கலாம். "மனை எங்கே?" என்று கேட்டால், இனி அவளிடம் பதில் இருக்கிறது.

இப்போதே செய்ய வேண்டும்

இதைப் பத்து ஆண்டு கழித்துச் செய்யலாம் என்று தள்ளிப் போட முடியாது. காரணம் எளியது. வயல் ஒரு தடவைதான் மனை ஆகும். கல் நட்டு, விற்று, பத்திரம் பதிந்துவிட்ட பிறகு, அதில் பங்கு கேட்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. ஒவ்வொரு மாதமும் ஒரு வயல் கை நழுவினால், அதோடு சில குடும்பங்களின் வீடும் நழுவுகிறது.

அரசியல் கட்சிகள் தேர்தலுக்குத் தேர்தல் "வீடு தருவோம்" என்கின்றன. வாக்காளர்கள் இனி ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: "வீடு சரி, மண் எங்கே?"

ஊரின் கடைசிக் கோடியில் அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கமும் அல்ல. அவள் நாற்று நட்ட அதே வயலில், புதிதாக எழும்பிய அதே நகரில், அவள் பெயரில் 45 சதுர மீட்டர்.

பெரிய வளை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எலி வளை போதும். ஆனால் அது தனி வளையாக, சொந்த ஊரில் இருக்க வேண்டும்!